அளவும் பாரமும்

மாதிரி செய்கிறவனை நாம் கலைஞன் என்று ஒப்புக்கொள்வதில்லை. அவனும் அதைக் கேட்பதில்லை. கட்டிடம் முன்பே நிற்கிறது. அதைச் சிறிதாக்கித் தருகிறான், அவ்வளவுதான். அவன் வேலையில் கற்பனைக்கு இடமில்லை, தேர்வுக்கு இடமில்லை, ஆகவே பொறுப்புக்கும் இடமில்லை என்ற ஓர் எண்ணம் நம்மிடையே கேள்வியில்லாமல் இருந்து வருகிறது. இரண்டு வருஷமாகத் திருச்சி லூர்து மாதா கோவிலை நூற்றில் ஒரு பங்காக அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். கலையா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை; அதைப் பேசி முடித்த ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை. பொறுப்பு இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணங்கள் வேலையின் போக்கில் ஒவ்வொன்றாக வந்தன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு. ஆற்றுக் காற்று மனிதனுக்கு நல்லது, அட்டைக்கு ஆகாது. ஐப்பசியில் முதல் நாள் ஒட்டி வைத்த சுவர் மறுநாள் காலையில் வில்லாக வளைந்து கிடக்கும். வெயில் ஏறிய பிறகுதான் பசையைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். அட்டைக்கு ஒரு திசை உண்டு என்பது கையில் எடுத்த பிறகுதான் தெரியும். ஆலையில் அது ஓடி வந்த போக்கில் நார்கள் படிந்திருக்கும். நாரோடு மடித்தால் மடிப்பு கத்தி போல் விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்துத் திசை கண்டுபிடித்து, சுவருக்கு நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். கூம்பைத் தட்டையாக விரித்தால் விசிறி மாதிரி வரும்; கடைசி மடிப்பின் ஒட்டு விளிம்பு ஒரு மயிரிழை விலகினாலும் நுனி சாய்ந்துவிடும். கூர்வளைவு ஜன்னலை வெட்டும்போது பிளேடை அசைக்கக் கூடாது. அட்டையைத்தான் திருப்ப வேண்டும். நான் வாங்கும் அட்டை மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் 2016 முதல் ஓடும் ஆலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். கடைக்காரரைக் கேட்டால் வெள்ளையா, பழுப்பா என்று மட்டும் கேட்கிறார்.

கோபுரத்தின் உயரம் 200 அடிக்கு மேல் என்று ஊரில் சொல்வார்கள். நிழலை வைத்து அளக்க முயன்றேன். ஓர் அடிக் குச்சியின் நிழல் சரியாக ஓர் அடியாகும் நேரத்தில் கோபுரத்தின் நிழல் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். நிழலின் நுனி ஏதாவது ஒரு சுவரில் ஏறி மடங்கிவிடும், அல்லது நகர்கிற வண்டிகளின் மேல் ஓடும். ஆகவே அடிப்பாகத்தைக் காலடியால் அளந்து, மேற்பகுதியைப் புகைப்படத்திலிருந்து கணக்கிட்டேன். நூற்றில் ஒன்று என்றால் கோபுரம் இரண்டடி. வாசலில் நிற்கும் மனிதன் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதை நூறால் பெருக்கினால் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். அத்தனை மெல்லிய சுவருள்ள கோவில் உலகத்தில் கிடையாது. ஆகவே ஜன்னல்களின் உள்விளிம்பில் பட்டை பட்டையாக ஒட்டிப் பொய்க் கனம் கொடுத்தேன். கனமான சுவருக்குள் நுழையும் வெளிச்சம் வேறு, தாளின் ஓட்டை வழியாக நுழையும் வெளிச்சம் வேறு என்பதை என் கண் ஒப்புக்கொள்ளும் வரை ஒட்டினேன்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: நீ நகல் செய்யும் கட்டிடமே ஒரு நகல்தானே? உண்மைதான். 1858-ல் பிரான்சின் லூர்தில், பெர்னதெத் சூபிரூ என்ற பதினான்கு வயது ஏழைப் பெண் ஒரு குகையருகே மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். அந்தப் பாறையின் மேல் இப்போலித் துராந் என்ற கட்டிடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த கோவில் 1876-ல் அபிஷேகமாயிற்று. அதுவும் மூலம் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் உருவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பச் செய்து பார்த்ததுதான். 1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து கல்லூரியைத் திருச்சிக்குக் கொண்டுவந்த ஏசு சபையினர் அந்த வளாகத்திலேயே, மலைக்கோட்டைக்கு எதிரில், லூர்தின் பெயரில் லூர்தின் சாயலில் இதை எழுப்பினார்கள். என்னுடையது நகலின் நகலின் நகல். 1959-ல் ‘எழுத்து’ வந்த நாளிலிருந்து நம் கவிதை மீது இதே குற்றச்சாட்டுத்தான் வைக்கப்படுகிறது: பனி பெய்கிற தேசத்தின் உருவத்தை வெயிலில் கொண்டுவந்து நட்டிருக்கிறீர்கள். இதற்கு நம்மவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். உருவம் நம்முடையதுதான் என்று சங்கத்தைக் காட்டுகிறார்கள், அல்லது உருவத்துக்குத் தேசமில்லை என்கிறார்கள். இரண்டு பதில்களும் வம்சாவளி விசாரணையை ஒப்புக்கொண்ட பிறகு சொல்லப்படுபவை. உருவம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்னால், வந்த இடத்தில் அது எதைத் தாங்குகிறது என்று கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வி எனக்குக் கவிதையிலிருந்து வரவில்லை, முட்டுச் சுவரிலிருந்து வந்தது.

கூர்வளைவுக் கட்டிடங்களின் சூட்சுமம் இதுதான். மேலேயிருந்து வரும் பாரத்தை வளைவு கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். சுவர் வெளியே சாயாமலிருக்க வெளிப்புறத்திலிருந்து முட்டுச் சுவர்கள் கொடுக்கிறார்கள். அவை இருப்பதால்தான் இடையிலுள்ள சுவரைத் திறந்து பெரிய ஜன்னல் வைக்க முடிகிறது, வெளிச்சம் வருகிறது, வண்ணக் கண்ணாடி வருகிறது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அலங்காரமாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது.

நான் முட்டுச் சுவர்களை ஒட்டுவதற்கு முன்பே என் சுவர் நின்றுவிட்டது. கூரையை வைத்தேன், அப்போதும் நின்றது. மேலே ஒரு புத்தகத்தை வைத்தேன், அதற்கும் அசையவில்லை. கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் இதற்கான கணக்கு இருக்கிறது. ஒரு பொருளை எல்லாப் பக்கத்திலும் நூறில் ஒன்றாகக் குறைத்தால், பாரத்தைத் தாங்கும் குறுக்குப் பரப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும், பாரமோ பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். அதே கல்லில் செய்தாலும் சின்னக் கோவில் பெரிய கோவிலைவிட நூறு மடங்கு நிம்மதியாக நிற்கும். காகிதத்தில் கேட்கவே வேண்டாம். என் கோவிலுக்கு முட்டுச் சுவர் தேவையே இல்லை.

ஆனாலும் ஒட்டினேன். ஒட்டாவிட்டால் அது லூர்து மாதா கோவில் ஆகாது. ஒவ்வொன்றாக ஒட்டிய அந்த வாரம் முழுவதும் மனசில் ஓர் அசூயை இருந்தது. எந்த அளவும் தப்பாக இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய உயரத்தில் அவை நின்றன. அவற்றின் மேல் எதுவும் சாயவில்லை, அவ்வளவுதான். பாரமில்லாத இடத்தில் பாரம் தாங்கும் பாவனை. நமக்குப் பழக்கமான சில கவிதைகள் அப்போது ஞாபகம் வந்ததை மறைப்பதற்கில்லை. வரி முறிகிற இடமெல்லாம் சரியாக முறிந்திருக்கும், மௌனம் வர வேண்டிய இடத்தில் வெற்றுத் தாள் விட்டிருக்கும். எடுத்துவிட்டாலும் எதுவும் சரியாது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் கவிதையை நினைத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் நெட்டிக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. குளங்களில் வளரும் நெட்டித் தண்டின் வெள்ளைச் சதையைச் சீவிப் பெரிய கோவிலைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். 80 டன் என்று காலங்காலமாகச் சொல்லிவரும் உச்சிச் சிகரம் ஊதினால் பறக்கும் எடையில் உட்கார்ந்திருக்கிறது. தந்தம் போன்ற அந்த வெண்மையில் ஒரு கனவுத் தன்மை உண்டு. அளவு சரியா என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சரியென்று சொல்வதில்லை. அது கோவிலின் நினைவு. நான் செய்வது நினைவு அல்ல, சாட்சி. நூற்றில் ஒன்று என்று எழுதிவைத்த மாத்திரத்தில் நான் ஒரு பிரமாணம் எடுத்துக்கொண்டேன். நெட்டியைக் கேட்காத கேள்விகளை என்னிடம் கேட்கலாம்.

பாரம் என்பது என்ன என்று முக்கொம்பில் இருப்பவர்களுக்கு ஒரு ராத்திரி தெரியவந்தது. 2018 ஆகஸ்டு 22 இரவில், கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையின் மதகுகளில் 9 உடைந்து வெள்ளத்தோடு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை அது. மறுநாள் கரையில் நின்றபோது, பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துப் பழகிய வரிசையில் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரிந்தது. அதன் வழியாகத் தண்ணீர் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வரிசையை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் எல்லாம் தண்ணீர் ஒரு வர்ணம். அது தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது எந்தப் படத்திலும் இல்லை.

தண்ணீர் தள்ளுவதை மாதிரியில் கொண்டுவர வேண்டியவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். பூண்டியில் அரசின் நீரியல் ஆய்வு நிலையத்தில் அணைகளையும் ஆறுகளையும் சிறிதாகக் கட்டித் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் துறையின் ஒரு வழக்கம் என்னைத் திகைக்க வைத்தது. ஆற்றை எல்லாப் பக்கத்திலும் ஒரே விகிதத்தில் குறைத்தால் ஆழம் ஒரு படலமாகிவிடும். படலத்தில் தண்ணீர் ஆறு போல ஓடாது, ஈரம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நீள அகலத்தை ஒரு விகிதத்திலும் ஆழத்தை வேறு விகிதத்திலும் குறைக்கிறார்கள். 1885-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மெர்சி ஆற்று முகத்தை இப்படித்தான் செய்தார். அவர் மாதிரியில் ஆழம் உரியதைவிட முப்பது மடங்குக்கு மேல். மணலும் சிறிதாகாது, சிறிதாக்கினால் சேறாகிவிடும், ஆகவே மணலுக்குப் பதில் நிலக்கரித் தூள் மாதிரி லேசான ஏதாவது ஒன்றைப் போடுவதுண்டு. பார்வைக்கு அந்த மாதிரி ஆற்றைப் போலவே இராது. கரைகள் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். ஆனால் தண்ணீர் ஆற்றில் திரும்புகிற இடத்தில் திரும்பும், மேடு விழுகிற இடத்தில் மேடு விழும்.

இரண்டு வகை விசுவாசம் இருக்கிறது என்பது எனக்கு இங்கேதான் தெளிவாயிற்று. வடிவத்துக்கு விசுவாசமாக இருந்தால் நடத்தை பொய்யாகிறது, நடத்தைக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமானால் வடிவத்தைக் கோணலாக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒருங்கே கேட்பவன் முழு அளவு ஆற்றையே கேட்கிறான். ஏதோ ஒன்றைக் கைவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்கிறவன் பொறுப்பிலிருந்து எப்படித் தப்புவான்?

அளவு தீர்மானமான பிறகு எந்த வருஷம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதை நாம் கவனிப்பதே இல்லை. கட்டிடம் காலத்தில் நிற்கிறது. மாதிரிக்கு ஒரு தேதி வேண்டும். ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோய் நானூறு வருஷம் மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு இருந்தது. 1979-ல் மேலே கட்டத் தொடங்கி 1987-ல் 236 அடியில் முடித்தார்கள். 1978-ல் ஒருவன் ஸ்ரீரங்கத்துக்கு மாதிரி செய்திருந்தால் மொட்டையைத்தான் செய்திருப்பான். பாரத்துக்காகக் கட்டப்பட்டு, பாரம் வராமலே நானூறு வருஷம் காத்திருந்த கல். இன்று செய்கிறவனின் மாதிரியில் அந்தக் காத்திருப்பு இருக்காது. இது சின்ன விஷயம், யாருக்கும் வலிக்காது. வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது.

லூர்து மாதா கோவில் முடியும் தறுவாயில் அடுத்து எதைச் செய்வது என்று யோசித்தபோது வடக்கன்குளம் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி. அங்கே 1872-ல் எழுந்த திருக்குடும்பக் கோவிலின் தரைப்படம் வேறெங்கும் பார்க்க முடியாதது. இரண்டு நீள் கூடங்கள் தனித்தனியாகத் தொடங்கி, சாய்ந்து வந்து, பீடத்தில் சேருகின்றன. கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இருப்பதால் அப்படியே ஒரு பெயரும் உண்டு. ஒரு கூடம் வெள்ளாளர்களுக்கு, மற்றது நாடார்களுக்கும் பிறருக்கும். நடுவே சுவர். இரு தரப்பாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. லூர்தில் கோவில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம் இது. 1910-ல் அந்தச் சுவரைப் பாதிரியார்கள் இடித்தார்கள். அப்போது வடக்கன்குளம் திருச்சி ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டது. தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது 1923-ல்தான். தங்கள் கூடமும் தங்கள் சுவரும் வேண்டும் என்று பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவர் போயிற்று. அதற்காகவே பிளந்து வரையப்பட்ட இரண்டு கால்கள் அப்படியே நின்றன.

முட்டுச் சுவர் எப்படிக் கூரையின் தள்ளலால் பிறந்ததோ, அப்படி இந்தக் கோவிலின் உருவம் ஜாதியின் தள்ளலால் பிறந்தது. கட்டியவர்கள் தங்கள் திறமையெல்லாம் காட்டி அந்தப் பாரத்தைத் தரைப்படத்துக்குள் இறக்கினார்கள். அது அருமையான தீர்வு என்பதில்தான் அதன் கொடுமை இருக்கிறது. தரைப்படத்தை அட்டையில் பென்சிலால் வரைந்து வைத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: பார்க்க அழகாக இருக்கிறது. விரித்த சிறகு மாதிரி.

எந்த வருஷத்துக் கோவிலைச் செய்வது? 1911-ஐச் செய்தால் விநோதமான உருவமுள்ள ஒரு பழங்கோவில். பார்க்கிறவன் கட்டிடக் கலையைப் புகழ்வான். 1909-ஐச் செய்தால் நடுவே ஒரு தாள் துண்டு. அதன் எடை ஒரு தபால்தலையின் எடை. அங்கே நின்ற பாரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அதில் இருக்காது. மாதிரியில் மனிதர்கள் இல்லை, மனிதர்கள் இல்லாத சுவர் வெறும் தடுப்பு.

ஒரு நண்பர், நம் எல்லோரையும்விட இளையவர், கவிதை எழுதுகிறவர், வீட்டுக்கு வந்திருந்தபோது தரைப்படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுவரை மட்டும் ஒட்டாதீங்க ஸார். பள்ளம் வெட்டிச் செருகி வையுங்க. பார்க்கறவங்க விரலால எடுத்துப் பார்க்கட்டும்.” கெட்டிக்காரத்தனமான யோசனை. எனக்கு உடனே பிடிக்காமல் போயிற்று. அந்தச் சுவரை எடுத்தவர்களுக்கு அது வழக்காகவும் வருஷக்கணக்கான பகையாகவும் வந்தது. கண்காட்சிக்கு வந்தவன் அதை இரண்டு விரலால் எடுத்து, தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் செருகிவிட்டுப் போவான். இதைவிடப் பெரிய பொய்யை என் கையால் செய்ய முடியாது.

“அப்படின்னா ரெனால்ட்ஸ் மாதிரி செய்யுங்க” என்றார். சுவரை மட்டும் முப்பது மடங்கு உயர்த்திக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போகிற மாதிரி வைப்பது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ரெனால்ட்ஸ் தன் கோணலைத் தண்ணீரை ஓடவிட்டுச் சரிபார்த்தார். மேடு தப்பான இடத்தில் விழுந்திருந்தால் மாதிரியைக் கலைத்திருப்பார். என் சுவரின் உயரத்தைச் சரிபார்க்க எதை ஓடவிடுவேன்? சரிபார்ப்பு இல்லாத மிகைக்கு நம் பத்திரிகைகள் பிரசாரம் என்று பெயர் வைத்திருக்கின்றன. அந்த வார்த்தையை நாம் சௌகரியத்துக்காகப் பயன்படுத்தியது அதிகம். இந்த இடத்தில் அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது வேறு. எல்லாம் நூற்றில் ஒன்று. சுவர் ஒட்டப்பட்டுவிடும். கூரையும் ஒட்டப்பட்டுவிடும். அதாவது மேலேயிருந்து இரண்டு கூடங்களையும் ஒருங்கே பார்க்கும் பார்வை யாருக்கும் கிடையாது. அப்படி ஒரு பார்வை அந்தக் கோவிலில் பீடத்தில் நின்றவருக்கு மட்டும்தான் இருந்தது. தரைப்படத்தில் வெட்கமில்லாமல் நான் ரசித்த சிறகும் அந்தப் பார்வையின் சிறகுதான். இரண்டு கூடங்களின் கடைசியிலும் வாசல் திறந்திருக்கும். முக்கால் அங்குலத்துக்கும் குறைந்த மனிதனின் கண் மட்டத்தில் பார்க்க வேண்டுமானால், மேஜைக்கு முன்னால் மண்டியிட்டு, ஏதாவது ஒரு வாசலில் கண்ணை வைக்க வேண்டும். பீடம் தெரியும். ஒரு பக்கம் சுவர் தெரியும். மற்றவர்கள் தெரியமாட்டார்கள்.

எந்த வாசல் யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறார் நண்பர். எழுதினால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாசலுக்குத்தான் போவார்கள், மற்றதில் கண்ணை வைக்க யாரும் மண்டியிட மாட்டார்கள் என்கிறேன் நான். அப்படிப் போவதைப் பார்ப்பதற்குத்தானே மாதிரி என்று கேட்கிறார். இது ஒரு மாதமாக நடக்கிறது. வாசல்கள் இரண்டும் வெட்டியாகிவிட்டன.